மாடித் தண்ணீர்

அந்தத் தெருவில் கத்திரியிடம் முடி வெட்டிக்கொள்ளாத பெண்கள் உண்டு. வாங்கிக் கட்டிக்கொள்ளாத பெண்கள் இல்லை. கத்திரி என்பது தெரு வைத்த பெயர். கையில் இருப்பதைப் பார்த்து வைத்தார்களா, வாயில் இருப்பதைக் கேட்டு வைத்தார்களா என்று யாரும் அவளிடம் விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. புதிதாக யார் வந்தாலும், "இந்தத் தலையை யாரு இப்படிக் கொதறினா? வேண்டியவங்களா, வேண்டாதவங்களா?" என்றுதான் வரவேற்பாள். வந்தவள் முகம் சுளித்தால், "சரி, வேண்டியவங்கதான்" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, கழுத்தில் சுற்றும் துணியை ஒரு உதறு உதறுவாள். அந்த உதறலிலேயே பாதிப் பேருக்கு வாய் மூடிவிடும்.

வீட்டின் முன்னறைதான் பார்லர். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, கழுத்தை வைக்கப் பள்ளம் விட்ட ஒரு கழுவுதொட்டி. வீடு அண்ணன் தம்பிக்குப் பொது. கீழே தம்பிக்கு, அதாவது கத்திரியின் கணவனுக்கு. மாடி அண்ணனுக்கு. பாகம் பிரித்த அன்று சுவரைப் பிரித்தார்கள், வாசலைப் பிரித்தார்கள், பழைய பீரோவைக்கூட யாருக்கு என்று முடிவு செய்தார்கள். தண்ணீரைப் பிரிக்க மறந்துபோனார்கள். ஒரே போர்வெல், ஒரே மோட்டார், மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழைகிற ஒரே மோட்டார் அறை.

மாடியில் அண்ணன் மனைவி. கத்திரிக்கு ஓரகத்தி. மூத்தவள் சத்தம் போடாமலே சண்டை போடத் தெரிந்தவள். ஊசி இறங்கியது தெரியாது, அப்புறம்தான் ரத்தம் தெரியும். பார்லர் திறந்த அன்று மாடிப்படியில் நின்று, தன் கணவனிடம் சொல்வதுபோல, "வாசல்ல கண்டவங்க முடியெல்லாம் விழும். அதை யாரு பெருக்குறது?" என்றாள்.

"உங்க வாயிலேர்ந்து விழுறதை யாரு பெருக்குறாங்களோ, அவங்களே பெருக்கட்டும்" என்றாள் கத்திரி, கீழே இருந்தபடி.

அத்தோடு நேர்ப்பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதைக் கணவன்மார் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு ஆண்களும் தெருமுனை டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் சுமந்து வந்ததை இறக்கிவைத்துவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுச் சமாதானமாக வீடு திரும்புவார்கள். வீட்டில் மட்டும், "நல்லா கேட்டுட்டேன்" என்பார்கள்.

ஆடு பகை, குட்டி உறவு. மூத்தவளின் மகள் மட்டும் இரண்டு தளத்துக்கும் சொந்தக்காரி. படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் சீப்பைத் தேடிக் கீழேதான் வருவாள். சித்தியின் நாற்காலியில் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து, வருகிற போகிற வாடிக்கையாளரையெல்லாம் நையாண்டி செய்துவிட்டுப் போவாள். கத்திரி வாயை மூடிக்கொண்டு சிரித்துக் கேட்பது அந்த ஒரு வாயைத்தான்.

நல்ல தண்ணீர் வருவது குறைந்து, போரை இன்னும் ஆழமாக இறக்கிய பிறகுதான் வினை வந்தது. ஆழத்திலிருந்து வந்தது கல்லைக் கரைத்த தண்ணீர். வாளியின் உட்புறம் வெள்ளையாக வளையம் கட்டியது. தொட்டிக் குழாயின் மூக்கில் சுண்ணாம்பு காய்த்தது. பத்து ஓட்டை இருந்த பூவாளியில் நாலு ஓட்டைதான் வேலை செய்தது. அதிலும் ஒன்று பக்கவாட்டில் பீய்ச்சி வாடிக்கையாளரின் காதுக்குள் போனது. ஷாம்பு நுரைக்கவில்லை. நுரைத்தாலும் போகவில்லை. கழுவிக் காயவைத்த முடி, தேய்ந்த துடைப்பத்தை எண்ணெய் வைக்காமல் படிய வைத்ததுபோல் நின்றது. சாயம் போட்டால் ஒரே வாரத்தில் துருப்பிடித்த நிறம்.

கத்திரி சும்மா இருக்கவில்லை. அழுக்குதான் போகவில்லை என்று நினைத்து முதலில் கடுமையான ஷாம்புவைப் போட்டு இரண்டு முறை கழுவினாள். இரண்டு முறை கழுவ இரண்டு மடங்கு தண்ணீர். இரண்டு மடங்கு தண்ணீர் என்றால் இரண்டு மடங்கு சுண்ணாம்பு. அது புரிவதற்குள் நாலு பேர் நின்றுபோனார்கள். பிறகு தண்ணீரில் வினிகர் கலந்து கடைசியாக ஊற்றிப் பார்த்தாள். அது உண்மையிலேயே கேட்டது. முடி கொஞ்சம் இளகியது. ஆனால் பேங்க் மேனேஜர் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என் தலை என்ன சாலட்டா?" என்று எழுந்தே போய்விட்டாள்.

"சாலட்னா உள்ளுக்குள்ள ஏதாவது இருக்கும்" என்று கத்திரி கதவைப் பார்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் காதில் விழுந்தது. திரும்பி வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மாடியில் சாஃப்ட்னர் மெஷின் வாங்கினார்கள். ஆளுயர உருளை ஒன்று, பக்கத்தில் உப்புப் போட ஒரு பெட்டி. மோட்டார் அறையில் பொருத்தி, அதிலிருந்து போகிற குழாயை மாடிக்கு மட்டும் கொடுத்தார்கள். கீழ்வீட்டுக்குப் பழைய குழாய், பழைய தண்ணீர்.

"உப்புத் தண்ணியைச் சரிபண்ண உப்பைக் கொட்டணுமாம். எந்த ஊரு நியாயம்?" என்று கத்திரி கணவனிடம் கேட்டாள். அவன் மெஷின் பொருத்த வந்தவன் சொன்னதைத் தனக்குத் தெரிந்தவரை சொன்னான்: உள்ளே இருக்கிற மணிகள் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஓட ஓட அவை நிரம்பிப்போகும், பிறகு மெஷினே உப்புக் கரைசலை இழுத்து அவற்றைக் கழுவிக்கொள்ளும்.

"பின்னால ஒரு நீலக் கைப்பிடி இருக்கு. ரிப்பேர்னா அதைத் திருப்பிடணும். தண்ணி மெஷினுக்குள்ள போகாம நேரா மேல போயிடும்" என்றும் சொன்னான். அந்த அப்பாவி அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"நமக்கும் ஒரு குழாய் விடச் சொல்லி உங்க அண்ணன்கிட்டக் கேக்குறதுதானே?"

கேட்டான். டீக்கடைப் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. வீட்டுக்குத்தான் மெஷின், வியாபாரத்துக்கு இல்லை. கடைத் தண்ணீரையும் சேர்த்தால் மெஷின் தாங்காது. அண்ணி சொல்லச் சொன்னாளாம்.

வியாபாரத்துக்கு இல்லை என்று சொன்ன மாடியில் அடுத்த மாதமே வியாபாரம் ஆரம்பித்தது. முதலில் எதிர்வீட்டு டெய்லர் அக்காதான் தயங்கித் தயங்கிக் கத்திரி முன்னால் வந்து உட்கார்ந்தாள். தலை ஈரமாக இருந்தது. வழுவழுவென்று விரலுக்கு நழுவியது.

"கழுவிட்டே வந்துட்டேன். மாடில, சும்மா, அவங்கதான் கூப்பிட்டாங்க. நீ வெட்டிவிட்டா போதும்."

கத்திரியின் கை நின்றது. "மாடில தலை கழுவிவிட்டாங்களா? கண்டவங்க முடியெல்லாம் விழுமே?"

"எனக்கென்னம்மா தெரியும், உங்க குடும்பத்துச் சண்டை? தண்ணி நல்லா இருந்துச்சு, போனேன்."

அப்படி ஒவ்வொரு தலையாக மாடி ஏறியது. கழுவுவது மாடியில், வெட்டுவது கீழே. பிறகு கழுவுவதும் காயவைப்பதும் மாடியில். பிறகு சாயமும் மாடியில். மூத்தவள் எங்கும் தொழில் படித்தவள் அல்ல. கைபேசியில் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். ஆனால் தண்ணீர் அவள் பக்கம் இருந்தது. வெட்டுவதற்கும் அவள் கத்தரி வாங்கிவிட்டால் கீழே இரண்டு நாற்காலியும் ஒரு கண்ணாடியும்தான் மிஞ்சும் என்பது கத்திரிக்குத் தெரிந்தது. இருபது வருடம் நின்று நின்று கால் நரம்பு முடிச்சு விழுந்து சேர்த்த தொழில் அது. அதைப் படியேறிப் போகிற ஈரத்தலைகள் கரைத்துக்கொண்டிருந்தன.

ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. மேலே மூன்று பேர் சிரிக்கிற சத்தம். கத்திரி குனிந்து மோட்டார் அறைக்குள் போனாள். நீலக் கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சாயத் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினாள். உள்ளே தண்ணீர் பாதை மாறுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து கையைக் கழுவினாள். தன் மூக்கு போனாலும் எதிராளிக்குச் சகுனம் கெட வேண்டும் என்பார்களே, அந்தச் சந்தோஷம் அவள் முகத்தில் சாயங்காலம் வரை இருந்தது.

மூத்தவளுக்குத் தெரியவில்லை. ஷாம்பு நுரைக்காதபோது, கடைக்காரன் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று சண்டைக்குப் போனாள். குழாயில் வெள்ளை படிந்தபோது, துடைக்கவில்லை என்று கணவனைப் பிடித்தாள். எல்லாவற்றுக்கும் மேல், உப்புப் பெட்டி குறையவே இல்லை. மெஷினுக்குள் தண்ணீர் போனால்தானே அது உப்பைக் கேட்கும்? மூத்தவள் அதைத் தன் கைராசி என்று எடுத்துக்கொண்டாள். படியில் நின்று டெய்லர் அக்காவிடம், கீழே கேட்கும்படி பெருமை பேசினாள்: "முதல்லதான் மூட்டை மூட்டையா தின்னுச்சு. இப்ப மெஷின் பழகிடுச்சு. உப்பே கேக்க மாட்டேங்குது. எல்லாம் வெச்சிருக்குறவங்க வெச்சிருக்குற விதத்துல இருக்கு."

கீழே கத்திரி வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு மூன்று தலைகள் மெதுவாக இறங்கி வந்தன. "அவங்க தண்ணியும் முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். "அப்படியா?" என்று கத்திரி கேட்ட கேள்வியில் அவ்வளவு வியப்பு இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் மகள் வழக்கம்போல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருந்தது. சீப்பை எடுத்துத் தலையை இழுத்து இழுத்து வாரினாள். சிக்கு விழுந்த இடத்தில் வெடுக்கென்று முடி அறுந்தது.

"சித்தி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்குற விஷயமா இருந்தா கோச்சுக்குவேன். சொல்லு."

"அம்மா இன்னிக்கு எனக்குக் கலர் பண்றாங்க. ப்ளீச் போட்டு, வேர்லேர்ந்து பட்டை பட்டையா தேன் நிறமா. நான் சித்திகிட்டப் பண்ணிக்கிறேன்னுதான் சொன்னேன். அம்மா ஒத்துக்கல. ரெண்டு நாளா சாப்பிடாம உக்காந்துட்டாங்க."

கத்திரி அவள் பின்னந்தலையில் கை வைத்தாள். விரல் உள்ளே போகவில்லை. முடி முழுக்க மணல் பூசியதுபோல் சொரசொரத்தது. வேர்ப்பக்கம் லேசாகச் செம்மண் நிறம். போர்த் தண்ணீரின் இரும்பு. மாதக்கணக்கில் தன் கையால் திருப்பிவிட்ட தண்ணீர் இது.

ப்ளீச்சும் இரும்பும் ஒரு தலையில் சேரக் கூடாது என்பது தொழிலில் யாருக்கும் முதலில் சொல்லித்தருவது. கத்திரிக்கு அது தெரியும். சொல்லவும் வாய் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்றும் தெரியும். சாஃப்ட்னர் தண்ணீரில் கழுவின தலையில் இரும்பு எப்படி வந்தது? அதற்குப் பதில் சொன்ன நிமிஷம் கைப்பிடி திரும்பும், நல்ல தண்ணீர் மாடி ஏறும், பின்னாலேயே எல்லாத் தலையும் ஏறும்.

"அம்மாகிட்டயே பண்ணிக்கோ. எனக்கென்ன?" என்றாள்.

"இதுக்குத்தான் சொன்னேன், கோச்சுக்குவீங்கன்னு."

மகள் சீப்பை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

நாற்காலியில் டெய்லர் அக்கா வந்து உட்கார்ந்தாள். கத்திரி துணியைச் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"என்ன, என்னைப் பொட்டலம் கட்டுறியா?" என்றாள் டெய்லர் அக்கா.

கத்திரி சீப்பைக் கையில் எடுத்தாள். சீப்பில் மகளின் முடி நாலைந்து சிக்கியிருந்தது. அதை உருவிச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டாள். ப்ளீச்சில் கலக்குகிற டெவலப்பரை ஊற்றினாள், அம்மோனியா சில சொட்டு விட்டாள். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகக் கூடாது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். முடியைச் சுற்றிக் குமிழி எழுந்தது. பிறகு பொங்கியது. கிண்ணத்தைத் தொட்டாள். டீ டம்ளர் மாதிரிச் சுட்டது.

"எங்கடி போற? பாதியில விட்டுட்டு?" என்று டெய்லர் அக்கா கத்துவது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பாகம் பிரித்த பிறகு கத்திரி ஏறாத படிகள் அவை. மேலே கதவு திறந்தே இருந்தது. மகள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னந்தலையில் பாதி வரை வெள்ளித்தாள் மடித்து வைத்திருந்தது. மூத்தவள் கையுறை போட்ட கையில் பிரஷ்.

"யாரைக் கேட்டு மேல வந்தே?" என்றாள் மூத்தவள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் வந்த முதல் வார்த்தை.

"கழுவுங்க! உடனே கழுவுங்க!"

"பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்."

"அம்மா, சுடுது" என்றாள் மகள்.

"அப்படித்தான் இருக்கும், பொறு."

"அம்மா, நெஜமா சுடுதும்மா!"

ஒரு வெள்ளித்தாளின் மடிப்பிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்பியது. கத்திரி மூத்தவளை இடித்துத் தள்ளினாள். பிரஷ் சுவரில் தெறித்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் குழாயடியில் தலையைக் குனிய வைத்துத் திறந்துவிட்டாள். தாள்களை உருவினாள். மூன்றாவது தாளோடு முடியும் சேர்ந்து வந்தது. ஈரமான ஒரு கொத்து, அவள் உள்ளங்கையில் நூல் மாதிரி நீண்டு, அறுந்து, ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்தின் பின்புறம் சிவந்திருந்தது, கொப்பளம் இல்லை. காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. மகள் தடவிப் பார்த்துவிட்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூத்தவள் கதவில் சாய்ந்து நின்றாள். அவள் குரல் எப்போதும்போல் தாழ்ந்தே இருந்தது. "சுடும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தலையில இரும்பு இருக்கு. சுண்ணாம்பு இருக்கு. தொட்டுப் பார்த்தேன்."

"மெஷின் தண்ணியில ஏது இரும்பு?"

கத்திரிக்குப் பொய் கிடைத்திருக்கும். பொய்க்குப் பஞ்சமான வாய் இல்லை அது. மெஷின் கெட்டிருக்கும் என்றால் முடிந்தது. மகள் ஈரத்தலையோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"மெஷின்ல தண்ணி போகல. கைப்பிடியைத் திருப்பிவிட்டுட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"மெஷின் உப்பே கேக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்களே. அதுக்கு முன்னாலேர்ந்து."

மூத்தவள் கிட்டே வந்தாள். பிறகு அடித்தாள். கையுறையில் இருந்த ப்ளீச் கத்திரியின் கன்னத்தில் நாலு விரலாகப் பதிந்தது. கத்திரி துடைத்துக்கொண்டாள். திருப்பி அடிக்கவில்லை. ஆனால் வாய் அவள் சொன்னபடி கேட்கிற வாய் இல்லையே. "ப்ளீச் போடுறதுக்கு முன்னால நாலு முடியை நனைச்சுப் பாக்கணும்னுகூடத் தெரியாம எதுக்குப் பிரஷைத் தொட்டீங்க?"

"வீட்டுத் தண்ணியில விஷம் வெச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் தலை கழுவணுமா?"

"ஒரு குழாய் குடுத்திருந்தா..."

"குடுத்திருந்தா அதையும் என்ன பண்ணியிருப்பியோ!"

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள் மகள். அவள் சத்தம் போட்டு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் போனார்கள், வாசலில் இடித்துக்கொண்டு.

மறுநாள் காலை மகள் கீழே வந்தாள். வேலையில் சேர இன்னும் சில நாளே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள், சுற்றவில்லை. மூத்தவள் உள்ளே வராமல் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், திருடனைக் காவல் காப்பதுபோல.

கத்திரி குடிக்கிற தண்ணீரைக் கேனிலிருந்து சாய்த்துச் சூடாக்கி, அதில் முடியைக் கழுவினாள். வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி வைத்திருந்து மறுபடி கழுவினாள். சொரசொரப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

"எவ்வளவு எடுக்கட்டும்?"

"அந்த இடம் தெரியாத அளவுக்கு."

"காதோட போகணும். கழுத்து முழுக்கத் தெரியும்."

"வெட்டுங்க."

முதல் வெட்டில் முழங்கை நீள முடி தரையில் விழுந்தது. வாசலில் மூத்தவள் ஒரு சத்தம் எழுப்பி அடக்கிக்கொண்டாள்.

"சித்தி" என்றாள் மகள், கண்ணாடியைப் பார்த்து. "திருப்பினப்ப அந்தத் தண்ணிலதான் நானும் குளிக்கிறேன்னு ஞாபகம் வந்துச்சா?"

கத்தரி ஒரு கணம் காற்றில் நின்றது.

"வரல."

"நேத்து காலையில தலையைத் தொட்டீங்களே, அப்ப?"

"அப்ப வந்துச்சு."

"வந்தும் போகச் சொன்னீங்க."

கத்திரி வேலையைப் பார்த்தாள். சீவி, தூக்கி, சரித்து, காதோரத்தில் ஒரு கூர்மை விட்டு, காலியான இடத்தின்மேல் ஒரு அடுக்கு வந்து விழும்படி வெட்டினாள். ஒவ்வொரு முடியாகப் பார்த்து வெட்டினாள். முடித்துத் துணியை எடுத்தபோது அந்த முகத்துக்கு இதைத் தவிர வேறு தலை இருக்க முடியாது என்று தோன்றியது. வாசலில் நின்றவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மகள் கண்ணாடியில் தன்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எழுந்து தோளைத் தட்டிக்கொண்டாள். "இனிமே சீப்பு மேலயே வாங்கி வெச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தாண்டிப் படியேறிப் போனாள்.

மாடியில் அதற்கப்புறம் யார் தலையும் கழுவப்படவில்லை. மூத்தவள் பிரஷையும் சாயப் பெட்டியையும் யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நீலக் கைப்பிடி பழையபடி திரும்பியது, மோட்டார் அறைக்குப் பூட்டு வந்தது. நடந்ததை அவள் தெருவெல்லாம் சொன்னாள். சொல்லியும், தலையைக் கொண்டுபோக வேறு இடம் இல்லாததால், தலைகள் ஒவ்வொன்றாகக் கீழேயே வந்து சேர்ந்தன. காசு போனால் போகிறது என்று கத்திரி கேன் தண்ணீரைக் கடைசிக் கழுவலுக்கு வைத்துக்கொண்டாள். இரண்டு நாற்காலியும் நிறைந்து, மூன்றாவதாக ஒரு ஸ்டூலில் ஆள் காத்திருக்கிற நாளும் வந்தது.

அப்படி ஒரு நாள் பேங்க் மேனேஜர் அம்மா வந்தாள். சாலட் பேச்சையெல்லாம் மறந்த முகத்தோடு தொட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஹோட்டலுக்கு ஒரு மீட்டிங் போயிருந்தேன். ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு. என்ன வெட்டு, என்ன அழகு! எனக்கும் அதே மாதிரி வேணும், எங்க வெட்டினதுன்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"இந்தத் தெருவைச் சொல்லிச்சு. தெரிஞ்சவங்களான்னு கேட்டேன். இல்ல, யாரோ ஒருத்தங்க, பேரு ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டுச் சாவியை எடுத்துக் குடுக்கப் போயிடுச்சு. நீங்கதானே அது?"

கத்திரி தண்ணீரைத் திறந்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க" என்றாள். "இந்தத் தண்ணி கண்ணுல பட்டா எரியும்."